மலிவுக் கணினியில் விளையாட்டு நேரலை: எங்கே அடைக்கிறது, எதை மாற்றுவது?

செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பின்னறையில், வெள்ளிக்கிழமை இரவுகளில் என் அக்கா மகன் வெலோரண்ட் என்ற சுடும் விளையாட்டை விளையாடியபடியே தமிழில் வர்ணனை பேசி யூடியூபில் நேரலை செய்கிறான். அவனிடம் இருப்பது ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட மேசைக் கணினி. உள்ளே இன்டெல் ஐ5 8500 செயலி, ஒற்றைப் பட்டையாக 8 ஜிபி ரேம், பிறகு அவனே வாங்கிச் செருகிய பழைய ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு. அவன் திரையில் விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஈப்போவிலிருந்து கைப்பேசியில் பார்க்கும் அவன் நண்பனுக்கோ படம் விட்டுவிட்டு வருகிறது. “மாமா, என் பக்கம் ஒரு தடங்கலும் இல்லை. பிராசஸர்தான் பத்தவில்லை, மாற்றிவிடலாம்” என்று சொல்லி, சேமித்த பணத்தோடு கணினிக் கடைகள் நிறைந்த புக்கிட் பிந்தாங் லோயாட் பிளாசாவுக்குக் கிளம்பி நின்றான். ஒரு வாரம் பொறு என்றேன். அந்த வாரத்தில் பார்த்ததும், அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களும்தான் இங்கே.

தன் திரையில் ஓடுவதும் பார்ப்பவர் திரையில் ஓடுவதும் ஒரே காட்சி என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. கிராஃபிக்ஸ் கார்டு வரைந்த படம் கம்பி வழியாக நேரே திரைக்குப் போய்விடுகிறது; அதில் சுருக்கம் எதுவும் இல்லை. இணையத்துக்கு அனுப்ப வேண்டிய படத்தின் கதை வேறு. 1920க்கு 1080 அளவுள்ள ஒரு பிரேமில், அதாவது ஒரு தனிப் படத்தில், 2 மில்லியனுக்கும் அதிகமான புள்ளிகள் உள்ளன. புள்ளி ஒன்றுக்கு 24 பிட் என்று வைத்து, நொடிக்கு 60 பிரேம் என்று பெருக்கினால், ஏறக்குறைய 3,000 மெகாபிட் வருகிறது. விளையாட்டு நேரலைகளுக்குப் பேர்போன டுவிட்ச் தளம் 1080 அளவுக்குப் பரிந்துரைப்பது நொடிக்கு 6 மெகாபிட். அதாவது, ஐந்நூறு பங்கில் ஒரு பங்காகப் படத்தைச் சுருக்க வேண்டும். அதையும் ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைக்கும் 16.7 மில்லிநொடிக்குள், விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும் அதே பெட்டிக்குள் செய்து முடிக்க வேண்டும். என்கோடிங் எனப்படும் இந்தச் சுருக்கும் வேலைதான் நேரலையின் பளு.

இந்தப் பளுவை யார் சுமக்கிறார்கள் என்பது கடந்த பதினைந்து ஆண்டுகளில் அடியோடு மாறிவிட்டது. கடைகளில் இன்னும் பழைய கணக்கில் பேசுபவர்கள் இருப்பதால் இதைச் சற்று விளக்கியே ஆக வேண்டும். தொடக்கத்தில் எக்ஸ்264 என்ற மென்பொருள் மூலமாகச் செயலியே சுருக்கியது. அந்த மென்பொருளில் ‘அல்ட்ராஃபாஸ்ட்’, ‘வெரிஃபாஸ்ட்’, ‘மீடியம்’ என்று படிகள் உண்டு. படி மெதுவாக ஆக ஆக அதே பிட்ரேட்டில் (நொடிக்கு அனுப்பும் பிட் அளவில்) படம் தெளிவாகும், செயலியின் வேலையும் கூடும். நாலு கோர், அதாவது கணக்குப் போடும் நாலு உட்பகுதிகள், உள்ள செயலியில் ஒரு பக்கம் விளையாட்டும் மறுபக்கம் எக்ஸ்264உம் ஓடினால் இரண்டுமே மூச்சுத் திணறும். அதனால்தான் அந்தக் காலத்தில் வசதியுள்ளவர்கள் விளையாட ஒரு கணினி, அனுப்ப ஒரு கணினி, நடுவில் படத்தைப் பிடித்து மறு கணினிக்குத் தரும் ஒரு கேப்சர் கார்டு என்று வைத்திருந்தார்கள். 2011இல் இன்டெல் தன் செயலிகளுக்குள் குவிக் சிங்க் என்ற தனிச் சுற்றைச் சேர்த்தது. 2012இல் என்விடியா தன் கார்டுகளில் என்வென்க் என்ற சுற்றைக் கொண்டுவந்தது. சுருக்குவதைத் தவிர இந்தச் சுற்றுகளுக்கு வேறு வேலை கிடையாது; அவை வேலை செய்யும்போது செயலியின் கோர்களுக்கு இந்தச் சுமை பெரும்பாலும் இருக்காது. முதல் சில தலைமுறைகளில் படம் கொஞ்சம் கொழகொழத்துத்தான் வந்தது. 2018இல் வந்த என்விடியாவின் டியூரிங் தலைமுறைக் கார்டுகளுக்குப் பிறகு அந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. இன்று குறைந்த செலவில் நேரலை செய்பவர் எக்ஸ்264ஐ நம்பிப் பெரிய செயலி வாங்குவது, பக்கத்திலேயே லிஃப்ட் இருக்க மூட்டையைத் தோளில் சுமந்து படி ஏறுவதைப் போன்றது.

சரி, பெட்டிக்குள் எந்த இடத்தில் அடைக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ஒரு காசும் செலவில்லை. நேரலைக்குப் பலரும் பயன்படுத்தும் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளிலேயே ‘ஸ்டாட்ஸ்’ என்ற சிறு பலகம் இருக்கிறது. ஆனால் அதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. அதில் விட்டுப்போன பிரேம்கள் மூன்று தனி வரிகளாகக் காட்டப்படுகின்றன. முதல் வரி, கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேரம் கிடைக்காமல் ஓபிஎஸ் தன் காட்சியைக் கோக்க முடியாமல் போனவை. இரண்டாவது, கோத்த காட்சியைச் சுருக்கி முடிக்க முடியாமல் தவறியவை. மூன்றாவது, சுருக்கியும் இணையத்தில் அனுப்ப முடியாமல் கைவிட்டவை. பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே மாதிரித் திக்கலாகத்தான் தெரியும். ஆனால் மருந்து மூன்றுக்கும் வேறு. மூன்றாவது வரி ஏறும்போது செயலியை மாற்றுவது, பல்வலிக்குக் கண்ணாடி மாற்றுவதைப் போல.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பலகத்தை ஓரமாகத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடச் சொன்னேன். இரண்டாவது வரி பூச்சியத்தை விட்டு நகரவே இல்லை. முதல் வரிதான் சிவந்து ஏறிக்கொண்டிருந்தது. காரணம் எளியது: விளையாட்டில் பிரேம் வரம்பு எதுவும் வைக்காததால், நொடிக்கு 75 படம் மட்டுமே காட்டும் அவனுடைய 75 ஹெர்ட்ஸ் திரைக்குத் தேவையே இல்லாத நூற்றுக்கணக்கான பிரேம்களைக் கார்டு வரைந்து தள்ளிக்கொண்டிருந்தது, கார்டின் பயன்பாடு 99 விழுக்காட்டில் நின்றது. இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. சுருக்கும் சுற்று தனியானதுதான் என்றாலும், விளையாட்டுப் படம், முகம் காட்டும் வெப்கேம், ஓரத்து எழுத்துகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து ஒரு பிரேமாக்கும் வேலையை ஓபிஎஸ் கார்டின் பொதுப் பகுதியில்தான் செய்கிறது. விளையாட்டு அந்தப் பகுதியை முழுவதும் விழுங்கிவிட்டால் ஓபிஎஸுக்கு வரிசையில் இடம் கிடைக்காது. விளையாட்டின் அமைப்பில் வரம்பை 75 என்று வைத்தோம், மெனுத் திரைக்கும் சேர்த்து. ஓபிஎஸை நிர்வாகி அனுமதியுடன் திறந்தோம். அப்படித் திறந்தால் விண்டோஸ் அதற்குக் கார்டில் முன்னுரிமை தருகிறது. சிவப்பு வரி அடங்கியது. அன்று செலவான தொகை, கீழே மாமாக் கடையில் குடித்த இரண்டு தே தாரிக்.

அதோடு தீரவில்லை. ஒன்பது மணிக்கு மேல் மூன்றாவது வரி ஏறத் தொடங்கியது. முன்னறையில் ரூட்டர், பின்னறையில் கணினி, நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் அதே நேரத்தில் அதே அலைவரிசையில் வைஃபை போடுகின்றன. வேகச் சோதனையில் நல்ல எண் வந்தாலும், வைஃபை அவ்வப்போது அரை நொடி மூச்சு வாங்கும். கோப்பு இறக்கும்போது அது தெரியாது, நேரலையில் உடனே தெரியும். ரூட்டரிலிருந்து கணினிக்குச் சுவரோரமாக ஒரு கேட்6 நெட்வொர்க் கம்பி இழுத்தோம். பிட்ரேட்டை அளந்த பதிவேற்ற வேகத்தின் பாதிக்கு மேல் வைக்கக் கூடாது என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. இங்கு வீட்டு ஃபைபர் சந்தாக்களில் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பதிவிறக்க வேகத்தை. நேரலைக்கு வேண்டியது பதிவேற்ற வேகம், அது பல திட்டங்களில் குறைவாகவே இருக்கும். ஆனாலும் 6 மெகாபிட்டுக்குப் பெரும்பாலான ஃபைபர் திட்டங்கள் தாராளம். ஆகவே ஃபைபர் வந்த வீட்டில் வேகம் பத்தவில்லை என்று சந்தாவை உயர்த்துவது பெரும்பாலும் வீண் செலவு. கம்பியின் விலை அதில் ஒரு சிறு பங்குதான்.

இத்தனைக்கும் பிறகு இரண்டாவது வரி ஏறுகிறது என்றால், அல்லது கார்டே இல்லாத கணினி என்றால், அப்போது கடைக்குப் போகலாம். அங்கே ஒரு கண்ணி விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. மலிவான கார்டுகள் சிலவற்றில் சுருக்கும் சுற்றே கிடையாது. என்விடியாவின் ஜிடி 1030இல் என்வென்க் இல்லை. போட்டி நிறுவனமான ஏஎம்டி 2022இல் வெளியிட்ட ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இரண்டிலும் என்கோடர் இல்லை. போதாக்குறைக்கு அவை மதர்போர்டோடு தரவு பரிமாறும் பிசிஐஇ தடங்களில் நான்கில் மட்டுமே ஓடுபவை, பழைய மதர்போர்டில் செருகினால் அந்தத் தடங்களின் வேகமும் பாதியாகும். பெட்டியின் மேல் இவை பெரும்பாலும் எழுதியிருக்காது, விளையாட மட்டும் வாங்குபவருக்கு என்கோடர் இல்லாதது குறையும் அல்ல. நேரலைக்கு வாங்குபவர்தான் வீட்டுக்கு வந்து ஓபிஎஸ் பட்டியலில் எக்ஸ்264 ஒன்றை மட்டும் பார்த்து விழிப்பார். ஜிடிஎக்ஸ் 1650 என்ற பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு: 2019இல் முதலில் வந்ததில் இருப்பது பழைய என்வென்க், அதே ஆண்டு பின்னால் வந்த 1650 சூப்பரில் இருப்பது டியூரிங் தலைமுறைச் சுற்று. பழையது பயன்படாது என்றில்லை. புல்வெளியும் புகையும் நிறைந்த காட்சிகளில் வித்தியாசம் தெரியும்.

அலுவலகக் கணினியை வைத்திருப்பவருக்கு இன்று நான் சொல்லக்கூடிய கார்டு 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை. வேகத்தில் அது பெரிய வீரன் அல்ல. ஆனால் 70 வாட்டில் அடங்குகிறது, மதர்போர்டின் பிசிஐஇ துளையே 75 வாட் வரை தரும் என்பதால் தனி மின் இணைப்பு வேண்டாம், ஒல்லிப் பெட்டிகளுக்கான குட்டை வகையும் உண்டு, டியூரிங் தரத்துக்குக் குறையாத என்வென்க்கும் இருக்கிறது. இன்டெலின் ஆர்க் ஏ380 கார்டு, ஏவி1 என்ற புதிய சுருக்க முறையிலும் சுருக்கும். 2023 முதல் ஓபிஎஸிலிருந்து யூடியூபுக்கு ஏவி1இல் அனுப்ப முடிவதால் அது கவர்ச்சியானதுதான். ஆனால் கார்டின் நினைவகம் முழுவதையும் செயலி ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இல்லையென்றால் அந்தக் கார்டு சோர்ந்துவிடும். பத்தாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் கணினிகளுக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கார்டு வாங்கவே வழியில்லாதவருக்கு ஒரு புதையல் ஏற்கெனவே வீட்டில் இருக்கலாம். இன்டெல் செயலிப் பெயரின் கடைசியில் ‘எஃப்’ எழுத்து இல்லையென்றால், பெரும்பாலும் உள்ளே கிராஃபிக்ஸும் குவிக் சிங்க்கும் இருக்கின்றன. தனிக் கார்டு செருகியதும் பல மதர்போர்டுகள் அதை அணைத்துவிடுகின்றன; கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போய் உள்ளமை கிராஃபிக்ஸை மீண்டும் இயக்கினால், விளையாட்டைக் கார்டு வரையும், சுருக்குவதைச் செயலிக்குள் இருக்கும் சுற்று பார்த்துக்கொள்ளும். என்கோடர் இல்லாத கார்டை வாங்கி ஏமாந்தவருக்கும் இதுவே கைகொடுக்கும். புதுக் கணினி கட்டும்போது சில பத்து வெள்ளி மிச்சம் என்று 12100எஃப், 12400எஃப் போன்றவற்றை எடுப்பவர்கள் இழப்பதும் இதைத்தான். ஓர் ஒட்டுச் செய்தி: இன்டெல் 1972இலிருந்தே பினாங்கு பாயான் லெப்பாசில் ஆலை நடத்துகிறது, சில்லுகளை மூடியிட்டுச் சோதிக்கும் பணி அங்கே நடக்கிறது. லோயாட்டில் நாம் பேரம் பேசும் செயலிகளில் பல, நம் உறவுக்காரப் பெண்கள் இரவு ஷிப்டு பார்த்த ஊரைத் தாண்டித்தான் வந்திருக்கும்.

பவர் சப்ளையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். பெயர்பெற்ற அலுவலகக் கணினிகள் பலவற்றில் 180இலிருந்து 260 வாட் வரையிலான சிறப்பு வடிவச் சப்ளை இருக்கும்; கார்டுக்கான ஆறுமுனைக் கம்பி இருக்காது, பொதுச் சப்ளையை வாங்கி மாட்டலாம் என்றால் மதர்போர்டின் செருகுமுனையும் பொருந்தாது. அப்போது சில கடைகளில், வட்டுகளுக்கு மின்சாரம் தரும் சாட்டா முனையிலிருந்து ஆறுமுனைக்கு மாற்றும் ஒரு குட்டைக் கம்பியை எடுத்து நீட்டுவார்கள். சாட்டா முனை 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் தாங்கக் கட்டப்பட்டது. ஆறுமுனை கேட்கக்கூடியது 75 வாட். அந்தக் கம்பி கருகிய நாற்றம் எனக்குத் தெரியும். கடைக்காரத் தௌக்கே எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் வாங்காதீர்கள். பெயரில்லாத ‘500 வாட்’ சப்ளைகளில் பெரிய எண்ணைப் பார்க்காமல், ஒட்டியிருக்கும் தாளில் 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 20 ஆம்பியர்தான் என்றால் அது கார்டுக்கும் செயலிக்கும் சேர்த்துத் தருவது 240 வாட்தான்.

ரேமில் 8 ஜிபி இனி போதாது. விண்டோஸ், விளையாட்டு, ஓபிஎஸ், குரோமில் திறந்திருக்கும் அரட்டைப் பக்கம், டிஸ்கார்ட் ஆகியவை சேர்ந்தால் மீதியில்லை. நினைவகம் நிரம்பி வட்டை நாடும்போதுதான் அந்தத் திடீர் உறைவு வருகிறது. 16 ஜிபி வேண்டும், அதுவும் இரண்டு பட்டையாக. டிடிஆர்4 3200 வகை ரேம் பட்டை ஒன்று நொடிக்கு 25.6 ஜிகாபைட் தரும், இரட்டைத் தடத்தில் இரண்டு பட்டை 51.2 தரும். தனிக் கார்டு இல்லாமல் ஏஎம்டியின் ரைசன் 5600ஜி போன்ற செயலியின் கிராஃபிக்ஸை நம்பியிருப்பவருக்கு இந்த இரட்டிப்பு உயிர்நாடி. மற்றவர்களுக்கும் சிறு தடுமாற்றங்கள் குறையும். செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் 2025இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், பழைய பட்டையைத் தூக்கிப் போடாமல் அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபியைப் பழைய பொருள் சந்தையில் தேடச் சொன்னேன். அவன் வாங்கிய ஒரே பாகம் அதுதான். எஸ்எஸ்டி இல்லாத கணினி இன்னும் இருந்தால் அதை மாற்றுவது பொதுவான நன்மை. நேரலைக்கென்று அதில் விசேஷம் இல்லை. 6 மெகாபிட் நேரலையைப் பதிந்து வைத்தாலும் மணிக்கு 2.7 ஜிகாபைட்தான், பழைய சுழல்வட்டே அதை எழுதிவிடும்.

செயலியை மாற்ற வேண்டிய கட்டாயம் இரண்டு இடங்களில்தான் வருகிறது. ஒன்று, நேரலையே இல்லாதபோதும் விளையாட்டு திக்குகிறது, செயலியின் எல்லாக் கோர்களும் நிறைந்திருக்கின்றன என்னும் நிலை. நாலு கோர் ஐ5 6500, 7500 கணினிகளில் இது சாதாரணம். மற்றொன்று மென்பொருளின் நிர்ப்பந்தம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது; விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறை இன்டெலையோ ரைசன் 2000 வரிசையையோ அவற்றுக்குப் பிந்தியதையோ கேட்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது. வெலோரண்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளும் விண்டோஸ் 11இல் டிபிஎம்மும், கணினி தொடங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட்டும் இயங்கினால்தான் உள்ளே விடும். ஆகவே ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினியில் பணத்தைக் கொட்டாதீர்கள் என்பது என் தீர்மானமான கருத்து. ஏஎம்டியின் ஏஎம்4 மதர்போர்டு வைத்திருப்பவர் கொடுத்து வைத்தவர்: 2017இல் வாங்கிய பலகையில்கூட 2022இல் வந்த பயாஸ் புதுப்பிப்புக்குப் பின் ரைசன் 5600ஐப் பொருத்த வழி பிறந்தது. பயாஸை முதலில் புதுப்பித்துவிட்டு, அதன் பிறகே பழைய செயலியைக் கழற்ற வேண்டும். வரிசை மாறினால் திரை இருட்டாகவே இருக்கும். இன்டெல் பக்கம் இந்தத் தாராளம் இல்லை. ஏழாம் தலைமுறைப் பலகையில் எட்டாம் தலைமுறைச் செயலி, துளையின் பெயர் ஒன்றாக இருந்தும், ஓடாது.

நம் ஊர்ச் சூட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குளிர்சாதனம் இல்லாத அறையில் 32 டிகிரிக் காற்றைத்தான் கணினி உள்ளிழுக்கிறது. இரண்டு மணி நேரம் நேரலை ஓடிய பிறகு மட்டும் திக்குகிறது என்றால், அது சூடேறிய செயலி தன் வேகத்தைத் தானே குறைப்பதாக இருக்கலாம். அக்கா மகனின் பெட்டியைத் திறந்தபோது விசிறிக்கு அடியில் பஞ்சு மெத்தை போலத் தூசியும், ஓரத்தில் இரண்டு பல்லி முட்டைகளும் இருந்தன. துடைத்து, செயலியின் சூட்டை வெளியே கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பசையை மாற்றியதும் நல்ல மாற்றம் தெரிந்தது. இடி தாக்கிக் கருவிகள் கெடுவதும் ஒரு செலவுதான்: கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் அதிகம் இடி இடிக்கும் வட்டாரங்களில் ஒன்று. ஃபைபர் இழை கண்ணாடி என்பதால் மின்னலைக் கடத்தாது, ஆனால் ரூட்டருக்கும் கணினிக்கும் போகும் மின்கம்பி கடத்தும்.

எந்த அளவில் அனுப்புவது என்பதில் அவனுக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. அவன் 1080தான் வேண்டும் என்றான். 720 அளவில் உள்ள புள்ளிகள் 1080இல் இருப்பதில் 44 விழுக்காடுதான். அதே பிட்ரேட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டேகால் மடங்கு பிட் கிடைக்கும், ஓட்டமும் சுடும் புகையும் உள்ள இடங்களில் படம் கட்டம் கட்டமாக உடையாது. டுவிட்சில் எல்லா ஒளிபரப்பாளருக்கும் தரத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதி உறுதியாகக் கிடைப்பதில்லை, யூடியூபில் கிடைக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். அவனைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில், மொபைல் டேட்டாவில் பார்க்கிறார்கள். கடைசியில் 720, நொடிக்கு 60 பிரேம் என்று முடிவானது. இப்போது ஈப்போ நண்பனின் புகார் படத்தைப் பற்றி அல்ல, தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியின் சத்தத்தைப் பற்றி. ஓபிஎஸிலேயே இருக்கும் இரைச்சல் வடிகட்டியைப் போட்டோம். விசிறிச் சத்தம் போய்விட்டது, ஆனால் மழை பெய்யும்போது கீழ்வீட்டுத் தகரக் கூரையின் சடசடப்பை மட்டும் அதனால் முழுதாக விழுங்க முடியவில்லை. சேமித்த பணத்தில் மிஞ்சியது இனி மைக்குக்குத்தான் போகும் போலிருக்கிறது.